தலைக்குளியல் செலவு குறைய: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என நான்கு மாவட்டங்களாகப் பிரிந்திருக்கும் பழைய வடஆற்காட்டுப் பகுதியிலிருந்து, இயற்கையான கூந்தல் பொருள்களுக்கு ஆகும் செலவைப் பற்றித் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. அவற்றில் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் மாமியார், நான், இரண்டு மகள்கள் என நான்கு பேருக்கும் நீண்ட முடி. மூலிகை ஷாம்பு, மூலிகை எண்ணெய், தலைக்குப் பூசும் தூள் என்று வாங்கி வாங்கி, மாதச் செலவில் பெரிய பங்கு இதற்கே போய்விடுகிறது. இயற்கைப் பொருள்களை விட்டுவிடாமல் செலவைக் குறைக்க வழி உண்டா?
— ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: உண்டு. அதற்கு முதலில், நாம் எந்த வேலைக்காகப் பணம் கொடுக்கிறோம் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தலையில் தேய்க்கும் பொருள் அழுக்கையும் எண்ணெய்ப் பசையையும் எடுக்கும்; முடியை வழுவழுப்பாக்கிச் சிடுக்கு விழாமல் தடுக்கும்; வறண்டு உடையாமல் ஓரளவு காக்கும். முடியை வளர்ப்பதோ தோலுக்கு அடியில் இருக்கும் வேர்க்காலின் வேலை. வெளியே நாம் பார்க்கும் முடிக்கு உயிர் இல்லை. வேர்க்காலிலிருந்து அது மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. நீளும், அவ்வளவுதான். சாதாரண எண்ணெய்க்கும் பல மடங்கு விலை சொல்லப்படும் எண்ணெய்க்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் ‘வளர்க்கும்’ என்ற அந்த ஒரு சொல்லுக்கான விலையே. கழுவுவதற்கும் மென்மைக்கும் உரிய விலையை மட்டும் கொடுப்பது என்று நீங்கள் முடிவு செய்துவிட்டால் செலவில் பாதிக்கு மேல் தானாகவே நின்றுவிடும்.

கழுவுவதற்குச் சீயக்காயே போதும். அதில் உள்ள சபோனின் என்ற பொருள்தான் நுரையை உண்டாக்கி எண்ணெய்ப் பசையை நீரோடு இழுத்துச் செல்கிறது. ஒரு கிலோ சீயக்காய், கால் கிலோ பச்சைப்பயறு, நூறு கிராம் வெந்தயம், விதை நீக்கிய பூந்திக்கொட்டைத் தோல் நூறு கிராம், வீட்டுச் செம்பருத்தியின் காய்ந்த இலை இரண்டு கைப்பிடி என்று கலந்து அரைத்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ தூள் கிடைக்கும். நீண்ட முடிக்கு ஒரு முறைக்கு 25 கிராம் என்று கணக்கிட்டால்கூட இது அறுபது தலைக்குளியலுக்கு வரும். அதாவது நால்வரும் வாரம் ஒரு முறை குளித்தால் மூன்று மாதத்துக்கு மேல் தாங்கும். வெந்தயமும் செம்பருத்தி இலையும் தரும் கொழகொழப்பே முடியை வழுக்கச் செய்கிறது என்பதால், தனியாகக் கண்டிஷனர் வாங்க வேண்டிய தேவையும் பெரும்பாலும் இராது. ரோஜா இதழ், வெட்டிவேர், பூலாங்கிழங்கு போன்றவை மணத்துக்காகச் சேர்ப்பவை. மணம் வேண்டுமென்றால் சிறிதளவு சேர்க்கலாமே தவிர, அவை இல்லாததால் தலை சுத்தமாவதில் எந்தக் குறையும் வராது. நாட்டு மருந்துக் கடையில் பட்டியல் நீள நீள விலை ஏறுவது இவற்றால்தான்.

சரக்கை உடைத்த தூளாக வாங்காமல் முழுக் காயாக வாங்குங்கள். தூளில் என்ன கலந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. காயில் பூச்சி அரித்ததும் பூஞ்சை பிடித்ததும் உடனே தெரியும். வேலூர் லாங் பஜார் பக்கம் போகும்போது ஒரே கடையில் கேட்டு வாங்கிவிடாமல், இரண்டு மூன்று கடைகளில் காயைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவது நல்லது. சித்திரை, வைகாசி வெயில் நம் பகுதியில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி அடிக்கும் காலம். ஓர் ஆண்டுக்கான சீயக்காயை மொட்டை மாடியில் இரண்டு மூன்று நாள் காயவைத்து அரைத்துக்கொள்ள இதைவிட ஏற்ற பருவம் வேறில்லை. மெஷினுக்கு எடுத்துச் செல்லும் முன், சீயக்காய்க்கென்று தனி இயந்திரம் வைத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மிளகாய் அரைத்த இயந்திரத்தில் அரைத்துவிட்டால் தலையும் கண்ணும் எரியும். அரைத்த தூள் சூடாக இருக்கும்போதே டப்பாவில் அடைத்தால் உள்ளே வியர்த்துக் கட்டி கட்டியாகும். ஆகவே செய்தித்தாளில் பரப்பி நன்றாக ஆறவிட்டு, ஈரமில்லாத டப்பாவில் போட்டு, ஈரக் கை படாமல் எடுத்துப் பயன்படுத்துங்கள்.

இன்னும் மலிவான ஒன்று அரப்பு. நம் பகுதியின் வறண்ட காடுகளிலும் மலையடிவாரங்களிலும் இயல்பாக வளரும் உசில மரத்தின் இலையைக் காயவைத்துப் பொடித்தால் கிடைப்பதுதான் அரப்புத் தூள். அந்த மரத்தைத் துரிஞ்சி என்றும் சொல்வார்கள். அரப்பு அதிகம் நுரைக்காது; ஆனால் எண்ணெயை நன்றாக எடுக்கும், முடியையும் வறட்டாது. உறவினரின் பட்டா நிலத்தில் மரம் இருந்தால் இலைக்குச் செலவே இல்லை. காப்புக்காட்டில் போய்ப் பறிக்கக் கூடாது. சீயக்காயையோ அரப்பையோ பச்சைத் தண்ணீரில் கலப்பதற்குப் பதிலாக வடித்த கஞ்சியில் கலந்து தேய்த்தால் சிடுக்கு குறையும். குக்கரில் சோறு வைக்கும் வீடுகளும் வாரத்தில் தலைக்குளிக்கும் அந்த ஒரு நாள் மட்டும் வடித்துக்கொள்ளலாம்.

எண்ணெயில் ஒன்றே ஒன்று போதும். 2003ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டபோது, கழுவும்போது முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியதும் நேரானதுமாக இருப்பதால் அது முடித்தண்டுக்குள் புகுகிறது என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். தேங்காய் எண்ணெய் விற்கும் ஒரு நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவினர் செய்த ஆய்வு அது என்பதையும் சேர்த்தே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் நம் கவனத்துக்குரியது என்னவென்றால், அங்கே சோதிக்கப்பட்டது மூலிகை ஏதும் சேராத வெறும் தேங்காய் எண்ணெய். 2025இல் தேங்காய் எண்ணெய் விலை கடுமையாக ஏறியது எல்லாருக்கும் தெரியும். அப்படியிருந்தும், தலையிலிருந்து வழியும் அளவுக்குப் பூசாமல், குளிப்பதற்கு முன் இரண்டு சிறு கரண்டி எண்ணெயை முடியின் நுனி வரை தடவினாலே போதும் என்பதால் செலவு கட்டுக்குள் நிற்கும்.

கேள்வி: எங்கள் தெருவில் போர் தண்ணீர்தான். சீயக்காய் சோப்பு போட்டுக் குளித்தால் முடி பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்கிறது. காய்ந்ததும் விறைத்துப் போகிறது. உப்புத் தண்ணீருக்கென்றே விற்கும் விலை உயர்ந்த ஷாம்புதான் தீர்வு என்கிறார்கள். உண்மையா?
— ஒரு வாசகி, ராணிப்பேட்டை

பதில்: நீங்கள் சொல்லும் பிசுபிசுப்புக்குக் காரணம் அந்தச் சோப்புதான். பெயரில் சீயக்காய் இருந்தாலும் அது சோப்பு. கடின நீரில் உள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகளோடு சோப்பு சேர்ந்தால் தண்ணீரில் கரையாத ஒரு படிவு உண்டாகும். வாளியின் ஓரத்தில் வெள்ளையாக ஒட்டியிருக்குமே, அதுவே முடியிலும் ஒட்டுகிறது. சீயக்காய், பூந்திக்கொட்டை ஆகியவற்றின் சபோனின் இப்படிப் படிவதில்லை. ஆகவே சோப்பை நிறுத்திவிட்டுத் தூளுக்கு மாறினாலே பாதிப் பிரச்சினை தீரும். தூளின் துகள்கள் முடியில் தங்குவது பிடிக்கவில்லையென்றால், இரண்டு மேசைக்கரண்டித் தூளை ஒரு சொம்புத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஆறியபின் மெல்லிய துணியில் வடிகட்டி அந்தச் சாற்றை மட்டும் பயன்படுத்துங்கள்.

பாலாற்றுப் படுகையில் நிலத்தடி நீர் உப்பேறிப் போனதற்குத் தோல் தொழிற்சாலைக் கழிவு ஒரு பெரும் காரணம் என்பது உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பான விஷயம். அந்த நீரை நம் வீட்டுக் குளியலறையில் ஒரு புட்டி ஷாம்பு மாற்றிவிடாது. முழுக் குளியலையும் போர் தண்ணீரில் முடித்துக்கொண்டு, கடைசியாகத் தலையில் ஊற்றும் இரண்டு சொம்பு மட்டும் கூட்டுக் குடிநீராகவோ பிடித்து வைத்த மழைநீராகவோ இருக்கட்டும். அதுவும் கிடைக்காத நாளில் ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து ஊற்றி அலசினால் படிவு ஓரளவு நீங்கும். எலுமிச்சையை நேராகத் தலையில் தேய்ப்பது வேண்டாம். தோல் எரிச்சல் கண்டுவிடும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று தலைக்குப் பயன்படுத்துவோர் இருக்கிறார்கள். சிக்கன எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்த நீரில் உப்பு மேலும் செறிந்திருக்கும் என்பதால் அது தரை துடைக்கத்தான் ஏற்றது.

கேள்வி: கல்லூரியில் என் தோழிகள் எல்லாரும் ரோஸ்மேரி எண்ணெய் வாங்குகிறார்கள். சிறிய புட்டியே விலை அதிகம். வாங்கலாமா?
— ஒரு மாணவி, ஆரணி

பதில்: 2015இல் வெளிவந்த ஓர் ஈரானிய ஆய்வுதான் இந்தப் பேச்சுக்கெல்லாம் தொடக்கம். பரம்பரை வழுக்கை உள்ளவர்களில் ஒரு பகுதியினர் ரோஸ்மேரி எண்ணெயும், மறு பகுதியினர் வழுக்கைக்குத் தலையில் பூசும் 2 விழுக்காடு மினாக்ஸிடில் மருந்தும் பயன்படுத்தினார்கள். மூன்றாம் மாத முடிவில் எந்தக் குழுவிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆறாம் மாத முடிவில் இரு குழுக்களிலும் முடி எண்ணிக்கை கூடியிருந்தது, இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. நூறு பேரை வைத்து, ஒரு குறிப்பிட்ட வகை வழுக்கைக்குச் செய்யப்பட்ட ஆய்வு அது. உங்களுக்கு அந்தக் குறை இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. நீண்ட முடியில் அது சீப்பில் பெரிய சுருளாகத் தெரியும் என்பதால் பயந்துவிட வேண்டாம். ஆறு மாதம் விடாமல் வாங்கப் பணமும் பொறுமையும் இல்லாமல் ஒரு புட்டி மட்டும் வாங்கிப் பார்ப்பதில் பயனில்லை. வாங்கியே ஆக வேண்டும் என்றால், செறிவான எண்ணெயை நேராகத் தலையில் ஊற்றாமல் தேங்காய் எண்ணெயில் சில சொட்டு கலந்து தடவுங்கள். என் கருத்தைக் கேட்டால், இந்தப் பணத்துக்கு முட்டையும் பயறும் கீரையும் வாங்கிச் சாப்பிடுவது உங்கள் வயதில் முடிக்கு அதிகம் உதவும்.

கேள்வி: ஓய்வுபெற்ற பின் வீட்டுக்குக் கடைச் சாமான் வாங்குவது என் பொறுப்பு. ‘இயற்கை’, ‘ஆயுர்வேதம்’, ‘மூலிகை’ என்று ஒவ்வொரு புட்டியிலும் எழுதியிருக்கிறது. எதை நம்பி வாங்குவது?
— ஒரு வாசகர், காட்பாடி

பதில்: ஐயா, புட்டியின் முன்பக்கத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைப் படியுங்கள். அழகுசாதனப் பொருள்களில் சேர்மானங்களை அளவில் அதிகமானதிலிருந்து குறைவானதை நோக்கி வரிசையாக அச்சிட வேண்டும் என்பது விதி. ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானவை கடைசியில் எந்த வரிசையிலும் வரலாம். மூலிகை ஷாம்பு என்று எழுதிய புட்டியில் தண்ணீருக்கு அடுத்து, வழக்கமான ஷாம்புகளில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரத் சல்ஃபேட் என்று தொடங்கி, நெல்லிக்காயும் சீயக்காயும் வாசனைப் பொருளுக்குப் பக்கத்தில் கடைசியில் வந்தால், அது சாதாரண ஷாம்புதான். அதைப் பயன்படுத்துவதில் தவறேதும் இல்லை. சாதாரண ஷாம்புவின் விலையைத் தாண்டிக் கொடுக்கக் கூடாது என்பதே என் வாதம். எண்ணெய்ப் புட்டியில் மினரல் ஆயில் அல்லது லைட் லிக்விட் பாரஃபின் என்று முதலில் இருந்தால், அது பெட்ரோலியத்திலிருந்து கிடைப்பது. மேலே சொன்ன 2003 ஆய்வில் புரத இழப்பைக் குறைக்காத எண்ணெய்களில் ஒன்று இந்த மினரல் ஆயில்.

அதிகபட்ச சில்லறை விலைக்குப் பக்கத்திலேயே ஒரு கிராமுக்கோ ஒரு மில்லிக்கோ என்ன விலை என்பதும் அச்சிடப்பட்டிருக்கும். புட்டியின் உருவம், ‘20 விழுக்காடு கூடுதல்’ என்ற அறிவிப்பு இவற்றையெல்லாம் விட்டுவிட்டு அந்த விலையை மட்டும் ஒப்பிடுங்கள். பெரிய புட்டி எப்போதும் மலிவு என்ற நம்பிக்கை ஷாம்பு விஷயத்தில் பல நேரம் பொய்த்துப்போகும்; ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்ச் சிறு பாக்கெட்டுகளில் மில்லி விலை குறைவாக இருப்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். வரியைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பர் 22 முதல் தலை எண்ணெய்க்கும் ஷாம்புவுக்கும் ஜி.எஸ்.டி. 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. சமையலுக்கான தேங்காய் எண்ணெய்க்கு முன்பிருந்தே 5 விழுக்காடுதான். ஆகவே சமையல் எண்ணெய்க்கும் ‘ஹேர் ஆயில்’ என்று எழுதிய தேங்காய் எண்ணெய்க்கும் இடையே இப்போதும் பெரிய விலை வேறுபாடு இருந்தால் அதற்கு வரி காரணமில்லை. செக்கில் ஆட்டிய சமையல் தேங்காய் எண்ணெயையே தலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். தலையில் தொப்பி, நாள் முழுக்க வியர்வை. பொடுகு போகவே இல்லை. வேப்பெண்ணெய், தயிர், எலுமிச்சை, மூலிகைப் பொடுகு எண்ணெய் எல்லாம் பார்த்துவிட்டேன். காலை ஷிஃப்டுக்கு முன் சீயக்காய் தேய்க்க நேரமும் இல்லை.
— ஒரு வாசகி, ஆம்பூர்

பதில்: சகோதரி, பொடுகு விஷயத்தில் இயற்கைப் பொருளை விட்டு வெளியே வருவதுதான் உங்களுக்குச் சிக்கனம். மலசீசியா என்ற நுண்ணிய பூஞ்சைக்கும் பொடுகுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அது தலைத்தோலில் உள்ள எண்ணெய்ப் பசையைத் தின்று வாழ்வது. அதன்மேல் எண்ணெயை ஊறவிட்டால், எந்த மூலிகை கலந்த எண்ணெயாக இருந்தாலும், அதற்கு உணவு போடுவதாகவே முடியும். மருந்துக் கடையில் கிடைக்கும், பூஞ்சையை அடக்கும் 2 விழுக்காடு கீட்டோகோனசோல் ஷாம்புவை வாரம் இரு முறை, நுரைத்தபின் மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை தலையில் விட்டு அலசுங்கள். இரண்டு முதல் நான்கு வாரம் இப்படிச் செய்து, தணிந்தபின் இடைவெளியை நீட்டலாம். அதுவரை தலைக்கு எண்ணெய் வேண்டாம். தொப்பியின் உள்துணியைத் துவைத்துக் காயவையுங்கள். நான்கு வாரத்திலும் குறையாவிட்டாலோ, செதில் தடித்துக் காதுக்குப் பின்னும் நெற்றியிலும் பரவினாலோ தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம்.

கேள்வி: சீயக்காயைச் சாறாகக் காய்ச்சி ஒரு மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாமா?
— ஒரு வாசகி, வாணியம்பாடி

பதில்: கூடாது. கெடாமல் காக்கும் பொருள் எதுவும் அதில் இல்லாததால் வெளியே வைத்தால் இரண்டு நாளிலும், குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரத்திலும் புளித்து நாறும். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் காய்ச்சுங்கள். சோற்றுக் கற்றாழைக்கும் இதே விதிதான். அதை வெட்டியதும் வழியும் மஞ்சள் பாலை முழுவதும் வடியவிட்டு, கழுவிய சோற்றை மட்டும் எடுக்க வேண்டும். அந்தப் பால் பட்டால் சிலருக்குத் தலை அரிக்கும்.

கேள்வி: நரைக்கு டை வேண்டாம் என்று கடையில் விற்கும் ‘கருப்பு மருதாணி’ வாங்கிப் போடுகிறேன். இதைவிட மலிவாக வழி இருக்கிறதா?
— ஒரு வாசகி, போளூர்

பதில்: விலையைவிட முக்கியமான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மருதாணி இலை தரும் நிறம் செம்மஞ்சளும் செம்பழுப்பும்தான். மருதாணி மட்டும் முடியைக் கருப்பாக்காது. ஒரு மணி நேரத்தில் கருக்கும் ‘மருதாணி’யில் பெரும்பாலும் பி.பி.டி. என்ற பாராபினைலின்டயமின் சேர்ந்திருக்கும். டையில் இருப்பதும் அதுவே. அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தலையும் நெற்றியும் வீங்கிக் கொப்புளம் கண்டு, கண் திறக்க முடியாத நிலைகூட வரும். இயற்கை என்று நம்பிப் போடுபவர்கள் முன்கூட்டிச் சோதித்துப் பார்ப்பதில்லை என்பதே என் கவலை. இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பதால் இனியும் ஆகாது என்று எண்ண வேண்டாம். பல முறை பயன்படுத்திய பிறகும் ஒவ்வாமை தோன்றலாம்.

வேலி ஓரத்து மருதாணியைப் பறித்து அரைத்து, இரண்டு மூன்று மணி நேரம் தலையில் வைத்து அலசினால் நரை செம்பழுப்பாகும், செலவு இல்லை. கருமை வேண்டுமென்றால் அதற்கடுத்து அவுரி இலைத் தூளை வெதுவெதுப்பான நீரில் குழைத்து உடனே பூசி, ஒரு மணி நேரம் கழித்து அலச வேண்டும். தூள் வாங்கும்போது சேர்மானப் பட்டியலில் இலையைத் தவிர வேறொன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, முதலில் காதுக்குப் பின்னால் சிறிது தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டுப் பூசுங்கள். நேரம் பிடிக்கும் வேலைதான். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்க முடிந்தால் செய்யலாம், முடியாவிட்டால் நரையை அப்படியே விட்டுவிடுவதிலும் குறையொன்றும் இல்லை.

கேள்வி: குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிறது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. விளம்பரத்தில் பார்த்த எண்ணெயை மூன்று புட்டி வாங்கிவிட்டோம், நிற்கவில்லை. அடுத்து எதை வாங்கலாம்?
— ஒரு வாசகி, வாலாஜாப்பேட்டை

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள், அம்மா. கருவுற்ற காலத்தில் உதிராமல் நின்றுவிட்ட முடியெல்லாம் பிரசவத்துக்குப் பின் இரண்டு முதல் நான்கு மாதத்தில் ஒன்றாகக் கொட்டுவது இயல்பு. குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் பெரும்பாலோருக்குப் பழைய அடர்த்தி திரும்பிவிடும். எந்த எண்ணெயும் அதை நிறுத்துவதில்லை. தானாக நிற்கும் நேரத்தில் கையில் இருக்கும் எண்ணெய்க்கு நல்ல பேர் கிடைத்துவிடுகிறது, அவ்வளவுதான். பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு ஆறு மாதம் வரை அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிடுகிறீர்களா என்று பாருங்கள். காப்பி, டீயோடு சேர்த்து விழுங்கினால் இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது. உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபின் அளவையும் தைராய்டையும் பார்த்துவிடுங்கள். பிரசவத்துக்குப் பின் தைராய்டு கோளாறு தோன்றுவதுண்டு, அதற்கும் முடி கொட்டுதல் ஓர் அறிகுறி. தலைக்கு வாரம் ஒரு முறையோ இரு முறையோ சீயக்காய்ச் சாறு, சிடுக்கெடுக்க அகன்ற பல் சீப்பு, இறுக்கிக் கட்டாத பின்னல் ஆகியவை போதும். ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் வட்டமாகச் சொட்டை விழுந்தால் அது வேறு நோய். காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வாங்கி வைத்த எண்ணெய் மீதி இருந்தால், தலையில் எரிச்சலோ அரிப்போ இல்லாத வரை, சாதாரண எண்ணெயாகத் தீரும்வரை பயன்படுத்திக்கொள்ளலாம்.